அரிசிமணி போல ஒட்டியிருக்கும் புழு, வெளியே போகாத குட்டிக்கு எப்படி வந்தது?

கேள்வி: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட்டில் இருக்கிறோம். படிக்கட்டுக்குக் கீழே கிடந்த மூன்று பூனைக்குட்டிகளை எடுத்து வளர்க்கிறோம். இப்போது நாலு மாதம் இருக்கும். வெளியே விடுவதே இல்லை. பாமசியில் வாங்கிய பைரன்டல் சிரப்பை மூன்று தடவை கொடுத்துவிட்டேன். ஆனாலும் வாலடியில் வெள்ளையாக அரிசிமணி போலத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது. ஒரு குட்டி மற்ற இரண்டையும் விடச் சின்னது. எனக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள். குட்டிகளை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார் மாமி. என்ன செய்வது டொக்டர்?

பதில்: நீங்கள் எழுதிய ‘அரிசிமணி’ என்ற ஒரு சொல்லே பாதி விடை. அது நாடாப்புழுவின் துண்டு. புதிதாக விழுந்தால் மெல்லச் சுருங்கி விரிந்து அசையும். காய்ந்துவிட்டால் எள்ளுப் போல மஞ்சளாகிப் படுக்கையில் கிடக்கும். பைரன்டல் நல்ல மருந்துதான், ஆனால் அது கொல்வது வேறு புழுவை. இடியப்ப இழை போல நீளமாகச் சுருண்டு வருகிறதே, அந்த வட்டப்புழுவையும் கொக்கிப்புழுவையும் அது தீர்க்கும். நாடாப்புழுவை அது தொடாது. அதற்குப் பிரசிகுவன்டல் வேண்டும். நீங்கள் கவலைப்பட்டுக் கொடுத்த மருந்து வீணாகவில்லை, இந்தப் புழுவுக்கான மருந்தாக அது இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வெளியே போகாத குட்டிக்கு இது எப்படி வந்தது? தெள்ளால்தான். விழுந்த புழுத்துண்டு காய்ந்து முட்டைகளைச் சிந்தும். சோபா மடிப்பிலும் பாயின் அடியிலும் கிடக்கும் தெள்ளின் குஞ்சுப்புழு அந்த முட்டையைத் தின்று வளர்ந்து தெள்ளாகிறது. உடம்பை நக்கும்போது குட்டி அந்தத் தெள்ளை விழுங்கிவிடும். சுமார் மூன்று கிழமையில் புதிய அரிசிமணிகள் வெளியே வரும். புழு மருந்து அன்றைக்குக் குடலில் இருப்பதைக் கொல்லுமே தவிர, நாளைக்கு விழுங்கப்போகும் தெள்ளிலிருந்து காப்பாற்றாது. அதனால் சரியான மருந்தைக் கொடுத்தாலும், தெள்ளை விட்டுவைத்தால் அடுத்த மாதமும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

“எங்கள் குட்டியில் தெள்ளே இல்லை” என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நக்கி விழுங்கிவிடுவதால் கண்ணில் படுவது குறைவு. ஒரு வெள்ளைத் தாளை நனைத்து விரியுங்கள். பேன்சீப்பால் வாலடியையும் முதுகையும் வாரி, சீப்பில் வருவதை அதன் மேல் தட்டுங்கள். மிளகுத்தூள் போல விழும் கறுப்புத் துகள்கள் ஒரு நிமிடத்தில் சுற்றிலும் செங்கபில நிறமாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், உங்கள் குட்டியின் இரத்தம்.

மூன்று குட்டிகளையும் ஒரே நாளில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் நிறையையும் பார்த்துத்தான் அளவு சொல்வார். வீட்டில் சமையல் தராசு இருந்தால் ஒரு பாத்திரத்தில் வைத்து நிறுத்து எழுதிக்கொண்டு போகலாம். பிரசிகுவன்டல் பயங்கரக் கசப்பு. கொடுத்ததும் வாயில் நுரை தள்ளினால் நஞ்சு ஏறிவிட்டதென்று பதற வேண்டாம். அப்புறம், கழுத்தின் பின்புறம் விடும் தெள்ளு மருந்தை மூன்றுக்கும் சேர்த்து, மாதம் தவறாமல் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். குஞ்சுப்புழு தன்னைச் சுற்றிக் கட்டும் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு, மருந்துக்கு அகப்படாது, பல கிழமை காத்திருந்து வெளியே வரும். கொழும்பின் சூடும் ஈரமும் வருடம் முழுக்க அதற்குத் தோதாக இருக்கின்றன. குட்டிகள் படுக்கும் துணியைக் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் துவையுங்கள். சோபாவின் மெத்தைகளைத் தூக்கி மடிப்புகளை வக்யூம் பண்ணி, சேர்ந்த தூசியை உடனே பொலித்தீன் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பிரச்சினை இல்லை, பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகும். வீட்டில் இருக்கும் அல்பென்டசோல் குளிசையும் வேண்டாம், பூனையின் எலும்பு மச்சையை அது கெடுக்கக்கூடும். உள்ளியை அரைத்துச் சோற்றில் கலந்தால் பூச்சி சாகும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். உள்ளியும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையைக் கொண்டுவரும்.

பைரன்டலை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. வட்டப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். அதனால் மூன்று கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொடுக்கிறோம். பால் மறந்தபின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை போதும். இரண்டு மருந்தும் சேர்ந்த பூனைக் குளிசையும் இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள். மூடிய பிளாட்டிலும் கரப்பானும் எலியும் வரத்தானே செய்யும். வட்டப்புழுவின் குஞ்சுகளை அவை சுமக்கலாம், குட்டி பிடித்துத் தின்றால் மறுபடியும் தொற்றும்.

அந்தச் சின்னக் குட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இன்றைக்கே அதன் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிக் கிடந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ அது கொக்கிப்புழு இரத்தம் குடிப்பதாக இருக்கலாம். கொக்கிப்புழுவில் ஒரு வகைக்கு ‘செய்லானிக்கம்’ என்று நம் நாட்டின் பெயரே இருக்கிறது. 1911இல், இலங்கையின் புனுகுப்பூனையில் கிடைத்த புழுவைக் கொண்டு அதை விவரித்தார்கள். பூனை, நாய், மனிதர் மூவரின் குடலிலும் அது வளரும். முரசு வெளிறியிருந்தாலோ, குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஞாயிறென்றாலும் காத்திருக்க வேண்டாம். போகும்போது புதிய மலத்தில் கொஞ்சத்தை ஒரு சுத்தமான போத்தலில் கொண்டுபோங்கள். வயிற்றோட்டம் நிற்காவிட்டால் அதற்குக் காரணம் புழுவே இல்லாமல் கொக்சிடியா போன்ற வேறு கிருமியாகவும் இருக்கலாம்.

மகளைப் பற்றி: நாடாப்புழு அவளுக்கு வர வேண்டுமென்றால் அவள் ஒரு தெள்ளை விழுங்க வேண்டும். எப்போதாவது நடக்கலாம், மருந்தில் தீர்ந்துவிடும். வட்டப்புழு விஷயத்தில்தான் கவனம் தேவை. அதன் குஞ்சு அரிதாகக் குழந்தையின் கண்வரை போய்ப் பார்வையைப் பாதிக்கும். ஆனால் பூனை போட்ட மலத்தில் இருக்கும் முட்டை அன்றே தொற்றாது, வெளியே கிடந்து முதிர இரண்டு கிழமையாவது வேண்டும். மண்தட்டை நீங்களே தினமும் அள்ளி, கிழமைக்கொரு தடவை முழுதாகக் கொட்டிக் கொதிதண்ணீரில் கழுவினால் அந்த வழி அடைபட்டுவிடும். மகள் தட்டைத் தொடக்கூடாது, சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இரவில் பிள்ளைகளுக்கு ஆசனவாயில் அரிப்புண்டாக்கும் நூற்புழு பூனையிலிருந்து வருவதில்லை, அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. மாமி பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம், அவரிடம் சொல்லுங்கள். குட்டிகளைத் தெருவில் விட வேண்டிய எந்தக் காரணமும் உங்கள் கடிதத்தில் இல்லை.