படத்தில் பாட்டு எங்கே தொடங்கணும், எங்கே நிற்கணும்? கேள்வி பதில்

பின்னணி இசையைப் படத்தோடு சேர்க்கும் எடிட்டிங் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: பாட்டு எப்போது முடிவாகிறது சார்? ஷூட்டிங்குக்கு முன்னாலா, பின்னாலா?

வாயசைக்கிற பாட்டென்றால் முன்னாலேயே ஒலிப்பதிவு ஆகிவிடும். ஸ்பாட்டில் அதை ஓடவிட்டுத்தான் எடுப்பார்கள். பின்னணி இசை எடிட் முடிந்த பிறகு. இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இசை எங்கே நுழையணும், எங்கே விலகணும் என்று குறிப்பார்கள். மொத்த வேலையிலும் முக்கியமான நாள் அதுதான் என்பேன். கதவைத் திறக்கும் அம்மாவிடம் ஒருவர் கெட்ட செய்தி சொல்லப்போகிறார் என்று வையுங்கள். அவள் தாழ்ப்பாளில் கை வைக்கும்போதே சோகமாக வயலின் ஆரம்பித்தால் பார்ப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் அவள் முகத்தை யார் பார்ப்பார்கள்? அதே வயலின், அவள் கேட்டு முடித்து, ஒன்றும் பேசாமல் திரும்பும்போது வந்தால் நெஞ்சை அடைக்கும். மெட்டு ஒன்றுதான், இடம்தான் வேறு.

கேள்வி: டெம்ப் டிராக் போடுவது நல்லதா?

எடிட் செய்யும்போது தற்காலிகமாக வேறு இசையைப் போட்டுப் பார்ப்பது அது. காட்சியின் வேகம் பிடிபட உதவும். ஆனால் மாதக்கணக்கில் கேட்டுக் காது பழகிவிட்டால், இசையமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் மனசு ஒட்டாது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசையமைத்துக் கொடுத்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோ எடிட்டில் போட்டுவைத்திருந்த கிளாசிக்கல் இசையையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குத் திரையிடலில்தான் தெரிந்ததாம். படத்துக்கு அந்த முடிவு பொருந்தியது உண்மைதான். இருந்தாலும் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கேள்வி: கொடூரமான காட்சியில் ஜாலியான பாட்டு ஏன் அப்படி உறைக்கிறது?

அது பெரும்பாலும் அறையிலிருக்கும் ரேடியோவில் ஓடும் பாட்டாக இருக்கும். இங்கே ஓர் உயிர் போகிறது, ரேடியோ தன் பாட்டுக்குப் பாடுகிறது. அந்த அலட்சியம்தான் நம்மை உலுக்குகிறது. மிக்ஸிங்கில் அடி பேஸையும் மேல் ஸ்தாயியையும் வெட்டி, அறையின் எதிரொலி கொஞ்சம் சேர்த்தால் சின்ன ஸ்பீக்கரில் கேட்பதுபோல் ஆகிவிடும். கதாபாத்திரம் வெளியே வந்ததும் அதே பாட்டு முழுசாக விரிந்து பின்னணி இசையாக மாறுவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

கேள்வி: இசையே வேண்டாம் என்று எப்படி முடிவெடுப்பது அண்ணா?

போட்டும் பாருங்கள், எடுத்தும் பாருங்கள். 'சைக்கோ'வின் (1960) குளியலறைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதியதைக் கேட்டபின் மனசை மாற்றிக்கொண்டார். பேப்பரில் விவாதித்து இதைத் தீர்க்கவே முடியாது.

கேள்வி: ஒவ்வொரு பீட்டிலும் ஷாட்டை வெட்டலாமா?

வெட்டலாம், சீக்கிரம் சலித்துவிடும். 120 பி.பி.எம். (நிமிடத்துக்கு 120 தாள அடி) வேகத்தில் ஒரு பீட்டுக்கு அரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் சரியாக 12 பிரேம். மூன்றாவது வெட்டிலேயே பார்ப்பவர் அடுத்ததை ஊகித்துவிடுவார்.

கேள்வி: வசனத்துக்கு அடியில் பாட்டு ஓடலாமா?

பாட்டு வரி இல்லாத இசை என்றால் ஓடலாம். வரி வந்தால் காது இரண்டு பேச்சுக்கும் நடுவில் அல்லாடும்.

கேள்வி: பத்து விநாடிக்குள் என்றால் பழைய பாட்டுக்கு அனுமதி வேண்டாமாமே?

அப்படியொரு விதியே இல்லை. பெரும்பாலும் இரண்டு அனுமதி வேண்டும்: மெட்டுக்கும் வரிக்கும் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. புதிதாக வேறொருவரைப் பாடவைத்தால் இரண்டாவது தேவைப்படாது, முதலாவது தேவை. இருநூறு வருடத்துக்கு முந்தைய மெட்டுக்கு உரிமை காலாவதியாகியிருக்கும். அதைச் சமீபத்தில் வாசித்த குழுவின் ஒலிப்பதிவுக்கு உரிமை இருக்கும். இரண்டும் எழுத்தில் கைக்கு வராமல் அந்தப் பாட்டை நம்பி ஒரு காட்சியை எடுத்துவிடாதீர்கள்.