பழைய டிடிஎஸ் பணம்: எந்த ஆண்டுக்குக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. வைப்புத்தொகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2,10,000 ரூபாய் வட்டி வருகிறது. வேறு வருமானம் இல்லை. 2018-19, 2021-22, 2022-23 நிதியாண்டுகளில் வங்கி 10% டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்துவிட்டது. கணக்குவழக்கெல்லாம் அப்பாதான் பார்ப்பார். 2022 ஜூனில் அவர் காலமானார். மூன்று ஆண்டுகளுக்கும் வருமான வரி ரிட்டர்ன் போடவே இல்லை. இப்போது ரீஃபண்ட் வாங்க முடியுமா?

பதில்: 2018-19 பணத்தை மறந்துவிடுங்கள். மற்ற இரண்டு ஆண்டுகளுக்கு வழி இருக்கிறது, கொஞ்சம் சுற்றுவழி.

தாமத ரிட்டர்னுக்குக் கெடு மதிப்பீட்டு ஆண்டின் (நிதியாண்டுக்கு அடுத்து வரும் ஆண்டின்) டிசம்பர் 31தான். அது போனாலும் ‘ஐடிஆர்-யு போடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். அந்தப் புதுப்பித்த ரிட்டர்ன், விட்டுப்போன வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கு. ரீஃபண்ட் கேட்டு அதைத் தாக்கல் செய்ய முடியாது. (அதற்கும் கட்டணம் வாங்கிக்கொள்பவர்கள் உண்டு, ஜாக்கிரதை.)

உங்களுக்கு உதவுவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதன்படி மனுப் போட வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். 2018-19க்கு அந்தக் கெடு 2025 மார்ச் 31. 2021-22க்கு 2028 மார்ச் 31, அடுத்ததற்கு 2029 மார்ச் 31.

வருமான வரி இணையதளத்தில் ‘சர்வீசஸ்’ பகுதியிலேயே மனுவைப் பதியலாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஒரு கோடி ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கை என்பதால் ஆணையர் நிலையிலேயே முடிவாகும். மனு வந்த மாத இறுதியிலிருந்து கூடுமானவரை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது சுற்றறிக்கை.

அவர்கள் பார்ப்பது உண்மையான இடர்ப்பாடு இருந்ததா என்பதைத்தான். 2021-22க்கு உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது: ரிட்டர்ன் போட வேண்டிய நேரத்தில்தான் அப்பா தவறியிருக்கிறார். இறப்புச் சான்றிதழ், வங்கியின் வட்டிச் சான்று, படிவம் 26ஏஎஸ் (பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) மூன்றையும் இணையுங்கள். 2022-23க்கு அதே காரணத்தைச் சொன்னால் ‘அதற்கடுத்த வருடமுமா?’ என்று கேட்பார்கள். அம்மாவுக்கு உடல்நலக் குறைவு இருந்திருந்தால் மருத்துவச் சான்று வையுங்கள். ‘விவரம் தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் நிராகரிக்க வாய்ப்பு அதிகம். அதற்காக இல்லாத நோயை எழுதிவிடாதீர்கள்.

அனுமதி உத்தரவு வந்தபிறகுதான் ரிட்டர்ன். படிவத்தில் 119(2)(பி) என்பதையே தேர்வு செய்ய வேண்டும். வருமானம் வரிவிலக்கு வரம்புக்குள் இருப்பதால் தாமதக் கட்டணம் வராது. ஆனால் இத்தனை ஆண்டு தாமதத்துக்கு வட்டியும் தரமாட்டார்கள்; திரும்பக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 21,000 ரூபாய், அவ்வளவுதான். ஆடிட்டர் கட்டணத்தைப் பேசும்போது இதை மனதில் வையுங்கள்.

அதற்குள் அம்மாவின் பான் செயல்பாட்டில் இருக்கிறதா, வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘வரி பிடிக்க வேண்டாம்’ என்ற உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சலே இருக்காது.