மனு பார்ப்பதை மறுபடி தொடங்குவது

சார், 2020-இல் கொரோனாவுக்காக நிறுத்திய மனு பார்ப்பதை, அதாவது கைதிகளை உறவினர்கள் நேரில் சந்திப்பதை, காரைக்குடிப் பக்கத்துக் கிளைச் சிறையில் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் புதிதாக வரும் கைதிகளைத் தனியே வைப்பதைச் சரிசெய்யுங்கள். கொரோனா கால வழக்கப்படியான 14 நாள் தனிமை அறையில் ஐந்தாம் நாள் இன்னொருவரைச் சேர்த்தால், எல்லோருக்கும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு நாள் வரவோடு அந்த அறையை மூடி, அடுத்ததைத் திறங்கள்.

மனு பார்க்குமிடம் நம்மூர் வீட்டு முற்றம்போல் காற்று குறுக்கே ஓடும்படி இருக்கட்டும். கம்பிக்கு இருபுறமும் முகக்கவசம், 2 மீட்டர் இடைவெளி.

கம்பியைத் துடைக்க 30% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 35 கிராம், 10 லிட்டர் தண்ணீர்; தினமும் புதிதாகக் கரையுங்கள், நம் வெயிலில் வீரியம் போய்விடும். துடைத்து 10 நிமிடம் கழித்துக் கம்பியை நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.