1966 மஸ்டங்கின் பாடியை முழுவதுமாக சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கலாமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் 1966 ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டங் ஹார்ட்டாப் வாங்கியிருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் கூரையிலும் பானட்டிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. பின்சக்கர வளைவுகளில் பள்ளம் நிரப்பப் பூசிய பழைய பட்டி வெடித்து, அதற்குள்ளிருந்து துரு எட்டிப் பார்க்கிறது. அழுத்தக் காற்றோடு மணல் துகள்களை அடித்துப் பெயின்ட்டையும் துருவையும் நீக்கும் சாண்ட் பிளாஸ்டிங் வேலையைச் செய்யும் உள்ளூர்க் கடை ஒன்று, பாடியை அப்படியே கொடுத்தால் இரண்டே நாளில் வெறும் இரும்பாக்கித் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா, கொடுத்தால் அதற்குமேல் எதை எந்த வரிசையில் பூச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முழு பாடியையும் கொடுக்க வேண்டாம். மஸ்டங்கின் வெளித்தகடு ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் கனம்தான். அழுத்தக் காற்றோடு வரும் கடினமான துகள் ஒவ்வொன்றும் அந்தத் தகட்டின்மீது சிறு சுத்தியடியாக விழுகிறது. அடி வாங்கிய முகம் விரிய, அடி வாங்காத உள்முகம் அப்படியே இருப்பதால் தகடு உப்பிக்கொள்கிறது. வெப்பத்தால்தான் தகடு வளைகிறது என்று பலர் நினைப்பதால், தண்ணீர் கலந்து அடித்தால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். விரிவுக்குப் பெரிய காரணம் இந்த அடிதான். கூரை, பானட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு ஆகியவை அகலமாக, வளைவு குறைந்து, உள்ளே தாங்கல் அதிகமின்றி இருப்பவை. இவை ஒருமுறை விரிந்துவிட்டால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மிகத் தேர்ந்த டிங்கர் வேண்டும். பெரும்பாலும் அந்த அலையைப் பட்டி போட்டு மறைப்பதில்தான் வேலை முடியும். மேலும், சிலிக்கா மணலின் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயை உண்டாக்கும். அந்தக் கடை இன்னும் சிலிக்கா மணலைத்தான் பயன்படுத்துகிறது என்றால், எந்தப் பாகத்தையும் அங்கே கொடுக்க வேண்டாம்.

இதற்காகப் பிளாஸ்டிங்கையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தரையின் அடிப்பக்கம், எஞ்சின் அறை, சக்கரக் கூடுகள், கதவு மாட்டும் தூண்கள் ஆகிய இடங்களில் தகடு மடிந்தும் இரட்டையாகவும் இருப்பதால் அடியைத் தாங்கும். அங்கே உப்புத்தாளும் நுழையாது. அனுபவமுள்ளவர் குறைந்த அழுத்தத்தில், குழாயைச் சரிவாகப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்தி அடித்தால் வேலை சுத்தமாக இருக்கும். விமானங்களின் மெல்லிய அலுமினியத் தோலிலிருந்து பெயின்ட் நீக்குவதற்குப் புகழ்பெற்ற பிளாஸ்டிக் துகள் முறை கிடைத்தால், அதை வெளித்தகட்டுக்கும் நம்பலாம். ஆனால் அது பெயின்ட்டை எடுக்குமே தவிர ஆழமான துருவை எடுக்காது. சமையல் சோடாவால் அடிக்கும் முறையும் தகட்டை வளைக்காது. எனினும் அது விட்டுச்செல்லும் காரப்படலத்தை முற்றிலும் கழுவி நீக்காவிட்டால் பிரைமர் பற்றாமல் தாள்தாளாக உரிந்துவரும். மூலைமுடுக்குகள் நிறைந்த மஸ்டங்கில் அவ்வளவு சுத்தமாகக் கழுவுவது கடினம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பெயின்ட்டில் கைவைக்கும் முன், உங்கள் கையில் இருப்பது என்ன வண்டி என்று பாருங்கள். எஞ்சின் அறையில், இடப்பக்க உள்ஃபெண்டரின் மேல்விளிம்பில் வண்டியின் அடையாள எண் (VIN) குத்தப்பட்டிருக்கும். அது 6 என்ற ஆண்டு இலக்கத்தில் தொடங்கும். அடுத்த எழுத்து தொழிற்சாலையைக் குறிக்கும். எஃப் என்றால் டியர்போர்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். பிறகு வரும் 07 ஹார்ட்டாப் பாடியையும், அதற்கடுத்த எழுத்து எஞ்சினையும் சொல்லும். அந்த எழுத்து கே என்றால் அது உயர்திறன் 289 கன அங்குல எஞ்சினோடு வந்த அரிய வண்டி. அதில் ஒவ்வொரு அசல் தகடும் காப்பாற்றத் தக்கது. மற்றபடி 1966 இல் மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் ஹார்ட்டாப்புகள் வெளிவந்ததால், புதிதாகச் செய்து விற்கப்படும் நகல் தகடுகளைப் பொருத்துவதில் தயங்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் உள்ள சிறு தகட்டில் அசல் நிறத்தின் குறியீடும் இருக்கும். இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து, மேலே டேப் ஒட்டி மூடிவிடுங்கள். எண் குத்திய பகுதியைத் தேய்ப்பதோ வெட்டுவதோ சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அடுத்து, பெயின்ட் கனமானியால் பாடி முழுவதும் அளந்து, ஒரு படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டினால் அது தொழிற்சாலைப் பெயின்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 300ஐத் தொட்டால் மேலே ஒருமுறையாவது பூசியிருக்கிறார்கள். 1,000ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய பெயின்ட்டை வெறும் இரும்பு வரை உரிக்க எந்தத் தேவையும் இல்லை. அதைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அதன்மேலேயே பிரைமர் பூசலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கூரை, பானட், பின்சக்கர வளைவுகள் ஆகியவற்றைக் கட்டாயம் உரிக்க வேண்டும். கதவுகளுக்கு அது தேவைப்படாமல்கூடப் போகலாம்.

இந்த மாடலில் துரு மறைந்திருக்கும் முதல் இடம், முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துளைகள் உள்ள கௌல் என்னும் பெட்டி. மழைநீர் அதற்குள் இறங்கி, இரு பக்கமும் வழிந்து வெளியேற வேண்டும் என்பதே அமைப்பு. இலைக்குப்பை சேர்ந்து நீர் தேங்கும்போது, உள்ளே காற்றுக்குழாயைச் சுற்றி எழுப்பியிருக்கும் விளிம்பு அரித்து, நீர் நேராகக் கால்வைக்கும் தரையில் சொட்டத் தொடங்குகிறது. பனியை உருக்க உப்புத் தூவும் ஒஹாயோச் சாலைகளில் தரை அடியிலிருந்து அரிக்கிறது என்றால், கௌல் அதை மேலிருந்து அரிக்கிறது. ஒருவர் டார்ச்சுடன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொள்ள, இன்னொருவர் ஒவ்வொரு பக்கமாகக் குவளையில் நீர் ஊற்றட்டும். ஒரு சொட்டு உள்ளே வந்தாலும், ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு மேல்தகட்டைக் கழற்றி, உள்ளே பழுது பார்த்தே ஆக வேண்டும். இதைச் செய்யாமல் தரைத்தகட்டை மட்டும் மாற்றினால் புதிய தகடும் அதே வழியில் போகும்.

மஸ்டங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ராக்கர் என்னும் பெட்டிப் பகுதியும், கூரையும் சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. ஆகவே தரையையோ ராக்கரையோ வெட்டும் முன், கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து முட்டுக் கொடுங்கள். மூலைக்கு மூலை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். கதவு இடைவெளியைச் சரிபார்ப்பது வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான். தேய்ந்த கீல் ஊசிகளை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் கீலின் குற்றத்துக்குத் தகட்டைத் தண்டிக்க நேரும்.

இனி வெளித்தகட்டை உரிக்கும் முறை. தட்டையான பரப்புகளுக்கு 80 எண் உப்புத்தாள் மாட்டிய டியூயல் ஆக்‌ஷன் சாண்டர் என்ற தேய்ப்புக் கருவி போதும். கொப்பளித்த பெயின்ட்டை அது வேகமாக எடுத்துவிடும். விளிம்புகளுக்கும் வளைவுகளுக்கும், துரு நீக்கவென்று விற்கும் பஞ்சு போன்ற நார் வட்டுகள் உகந்தவை. கிரைண்டரில் கடினக் கல் மாட்டி இழுக்காதீர்கள். தகடு சூடேறி வளைவதோடு கனமும் குறையும். பூச்சு பல அடுக்காக இருந்தால் ரசாயன ரிமூவர் நல்லது. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரின் புகை உயிரைப் பறித்திருப்பதால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2019 இல் அதன் சில்லறை விற்பனையைத் தடைசெய்தது; பழைய டப்பா எங்காவது கிடைத்தாலும் தொடாதீர்கள். எந்த ரிமூவரானாலும் மூட்டுகளிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே பூசுங்கள். மூட்டுக்குள் புகுந்த ரசாயனம் மாதங்கள் கழித்துப் புதிய பெயின்ட்டுக்கு அடியில் கசியும். முழு பாடியையும் அமிலத் தொட்டியில் மூழ்கடிக்கும் முறையை நான் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

பின்தூணில், கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டை ஃபோர்டு ஈயக்கலவையால் நிரப்பியிருக்கிறது. பெயின்ட்டை எடுத்ததும் சுற்றியுள்ள இரும்பைவிட மங்கிய சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் கோடு விழும் ஒரு பட்டையாக அது தெரியும். உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சீர்செய்ய வேண்டியிருந்தால் சாண்டரால் தேய்க்காமல், பெரிய பற்கள் கொண்ட அரத்தால் சீவுங்கள். தூசாகப் பறக்காமல் சுருள்சுருளாக விழும். 1978 ஆம் ஆண்டின் அமெரிக்க ஈயத்தடை வீட்டுப் பெயின்ட்டுக்கானது, வாகனப் பெயின்ட்டுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே உங்கள் வண்டியின் எல்லாப் பூச்சிலும் ஈயம் இருக்கிறது என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். நுண்தூசைத் தடுக்கும் பி100 வடிகட்டி மாட்டிய முகமூடி வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குள் போகவோ குழந்தையைத் தூக்கவோ கூடாது.

வாசகர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதற்கடுத்த கட்டத்தில்தான். முழு பாடியையும் உரித்துப்போட்டு, வாரக்கணக்கில் விட்டுவைத்து, மறுபடி துருவோடு மல்லுக்கட்டுகிறார்கள். காலையில் உரித்த தகட்டுக்கு அன்று மாலையே பிசினும் இறுக்கியும் கலந்து பூசும் இரண்டு பாக எப்பாக்ஸி பிரைமர் பூச முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அன்று உரிக்காதீர்கள். கை படாமல் கையுறையோடு வேலை செய்து, எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடைத்து, உடனே பூச வேண்டும். பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கி பயன்படுத்தினால், தயாரிப்பாளர் சொன்னபடி நன்றாகக் கழுவி உலர்த்தியாக வேண்டும். மிச்ச அமிலத்தின்மேல் எப்பாக்ஸி பற்றாது. ஒஹாயோக் குளிரில் இன்னொரு கவனமும் தேவை: பல எப்பாக்ஸிகள் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே சரியாக இறுகுவதில்லை. அதற்காகக் கராஜுக்குள் புரொப்பேன் அடுப்பை ஏற்றினால், அது எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த தகட்டில் படிந்து துருவேற்றும். மின் ஹீட்டரே பாதுகாப்பானது.

துருவேறிய பகுதியைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, புதிய தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவையுங்கள். 0.6 மில்லிமீட்டர் மிக் வெல்டிங் கம்பியால் ஓர் அங்குல இடைவெளியில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு எதிர்ப்பக்கத்தில் அடுத்த புள்ளியை வைத்தால் தகடு சுருங்கி இழுக்காது. இழுத்துவிட்டாலும், அடியில் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்து வெல்டிங்மீது மெதுவாகத் தட்டினால் உலோகம் விரிந்து இடத்துக்கு வந்துவிடும்.

எப்பாக்ஸிக்கு மேல்தான் பட்டி. வெறும் இரும்பின்மீது பட்டி போடுவது நெடுங்கால வழக்கம் என்றாலும், பட்டி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அதற்கும் இரும்புக்கும் நடுவே எப்பாக்ஸி இருப்பதே நல்லது. எந்த இடத்திலும் 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அதற்குமேல் தேவைப்பட்டால் தகட்டைத்தான் இன்னும் தட்ட வேண்டும். பிறகு மூட்டுகளில் சீலர், அதன்மேல் கனமான இரண்டு பாக யூரெத்தேன் பிரைமர். நீண்ட கட்டையில் 180 எண் தாளை மாட்டிச் சாய்வாகத் தேய்த்து, மேடுபள்ளம் அடங்கியதும் 320, கடைசியில் 600 எண் தண்ணீர்த்தாளுக்கு வாருங்கள். இந்த யூரெத்தேனில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, சாதாரணக் கார்ட்ரிஜ் முகமூடியை நம்பி அதை ஸ்பிரே செய்யக் கூடாது. வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைப் பெயின்ட் கடையிடமே ஒப்படையுங்கள்.

நிறம் பூசி உலர்ந்தபின் ராக்கர், கதவு, பின்சக்கர வளைவு ஆகியவற்றின் உட்குழிகளில் மெழுகு கலந்த துருத்தடுப்பை நீண்ட குழாயால் அடியுங்கள். அடித்த மறுநாள் கதவுகளுக்கும் ராக்கருக்கும் கீழேயுள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தி, அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.