வாசகர் கேள்வி – பதில்: காசநோய்க்கு யார் பணம் தருகிறார்கள்?

மாட்டுங்கா வாசகர் ஒருவர்: எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்று நோய்களுக்காக ஜெனீவாவில் உள்ள உலக நிதியத்துக்கு நாடுகள் தரும் தொகை குறைந்துவிட்டதாகப் படித்தேன். அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது? ஏன் குறைந்தது?

பதில்: 2002-இல் தொடங்கப்பட்ட அந்த நிதியம், மூன்றாண்டுக்கு ஒரு முறை நாடுகளையும் அறக்கட்டளைகளையும் நிறுவனங்களையும் கூட்டி, அடுத்த மூன்றாண்டுகளுக்கான பங்களிப்பை உறுதிமொழியாகப் பெறுகிறது. நிதியம் தானாக மருத்துவமனை எதையும் நடத்துவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அரசினரும் தொண்டு அமைப்பினரும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு ஒன்று திட்டம் வகுத்து விண்ணப்பிக்க, தனி வல்லுநர்கள் அதை ஆராய்ந்த பின்னரே பணம் ஒதுக்கப்படுகிறது.

2022-ஆம் ஆண்டுச் சுற்றில் 1,570 கோடி டாலர் சேர்ந்தது. 2025 நவம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த மாநாட்டிலோ, 1,800 கோடி டாலர் வேண்டும் என்று கேட்கப்பட்ட இடத்தில் 1,134 கோடி டாலருக்கே உறுதி கிடைத்தது. அமெரிக்கா தன் பங்கை 600 கோடியிலிருந்து 460 கோடியாகக் குறைத்துக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் சிலவும் வெளிநாட்டு உதவியைச் சுருக்கிப் பாதுகாப்புச் செலவைக் கூட்டி வருகின்றன. மொத்தத் தொகையில் அமெரிக்காவின் பங்கு 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டம் கூறுவதால், பிறர் ஏறத்தாழ இரண்டு டாலர் தந்தால்தான் அமெரிக்காவின் ஒரு டாலர் வரும். மற்ற நாடுகளை ஈடுபடுத்துவதற்காக வைக்கப்பட்ட இவ்விதி, எல்லோரும் கையைச் சுருக்கும் காலத்தில் இழப்பைப் பெருக்கிவிடுகிறது.

தாராவி வாசகி ஒருவர்: ஐயா, என் கொழுந்தனார் மாநகராட்சி ஹெல்த் போஸ்டில் டிபி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அமெரிக்கா உதவியை நிறுத்திவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். அவருக்கு மாத்திரை கிடைக்காமல் போகுமா?

பதில்: அந்தக் காரணத்தால் நின்றுபோகாது, சகோதரி. வழக்கமான காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளை இந்திய அரசு தன் சொந்த நிதியிலேயே வாங்கி இலவசமாகத் தருகிறது. அதோடு, சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்டது. உங்கள் கொழுந்தனாருக்கு அது வருகிறதா என்று அடுத்த முறை மாத்திரை வாங்கச் செல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயினும் உங்கள் அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அந்த இந்தியாவிலேயே, 2024-இன் தொடக்கத்தில் கொள்முதல் தாமதத்தால் பல மாநிலங்களில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுத நேர்ந்தது. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும். இருமல் இரண்டு மாதத்தில் அடங்கினாலும், கிருமிகளில் வலியவை உடலுக்குள் மிஞ்சியிருக்கும். அந்த நிலையில் மருந்து விட்டுப்போனால் எஞ்சியவை மீண்டும் பெருகும், மருந்துக்கு அடங்காத கிருமிகளாக மாறவும் கூடும். எம்.டி.ஆர். என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் அந்த வகை நோய் மும்பையில் பரவலாக இருப்பதைச் சிவ்ரி காசநோய் மருத்துவமனையை அறிந்தவர்கள் யாவரும் அறிவர். காற்றும் வெளிச்சமும் புகாத ஓர் அறையில் ஆறேழு பேர் உறங்கும் சந்துகளிலும், மூச்சுவிட இடமில்லாத லோக்கல் ரயில்களிலும் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகவே தொற்றுகிறது.

இதனால்தான் பணம் குறைவதைவிட அது திடீரென நிற்பதே கொடியது என்று நான் கருதுகிறேன். குறையப் போகிறது என்று ஓராண்டு முன்பே தெரிந்தால் ஓர் அரசு வேறு வழி தேடிக்கொள்ளும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்தி வைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டன, வீடு வீடாகச் சென்று நோயைக் கண்டறிந்து வந்த பணியாளர்கள் வேலை இழந்தனர். விதிவிலக்குகள் பின்னர் அறிவிக்கப்பட்டாலும், கலைந்துபோன பணியாளர்களை மீண்டும் திரட்டுவது எளிதாக இருக்கவில்லை.

முலுண்ட் வாசகர் ஒருவர்: இப்படி வரும் பணத்தில் பெரும்பகுதி ஊழலில் கரைகிறது என்கிறார்களே? வளர்ந்துவிட்ட இந்தியா ஏன் கையேந்த வேண்டும்?

பதில்: முறைகேடுகள் நடந்ததுண்டு. அவற்றை உலக நிதியத்தின் சொந்தத் தணிக்கைத் தலைவரே கண்டுபிடித்து வெளியிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை அடுத்து 2011-இல் ஜெர்மனி முதலான நாடுகள் பணத்தை நிறுத்தி வைத்தன, உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, அவ்வாண்டு இறுதியில் நிதியம், நாடுகளுக்குப் பணம் வழங்கும் தன் பதினோராவது சுற்றையே கைவிட்டது. திருடியவர்களைத் தண்டிப்பதற்கும் நோயாளியின் மருந்தை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது மறக்கப்பட்டது என்பதே என் எண்ணம்.

கையேந்துவது என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இந்தியா அந்த நிதியத்திலிருந்து பெறுவதோடு அதற்குப் பணம் தந்தும் வருகிறது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையம், நோயாளியைச் சானடோரியம் எனப்படும் காசநோய் விடுதி மருத்துவமனையில் ஓராண்டு அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து உண்ணச் செய்தாலும் நோய் அதே அளவுக்குக் குணமாகும் என்றும், வீட்டாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்றும் நிறுவியது. இன்று உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்து குணமடைவது சென்னையின் எளிய குடும்பங்கள் அந்த ஆய்வுக்கு ஒத்துழைத்ததன் பயனாகும்.

செம்பூர்க் கல்லூரி மாணவி ஒருவர்: மருந்து நிறுவனங்கள் விலையைக் குறைத்தால் இவ்வளவு பணம் தேவைப்படாதே?

பதில்: நல்ல கேள்வி. 2001-இல் எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு மேலை நாடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனபோது, அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனமே. அடுத்த ஆண்டு தொடங்கிய உலக நிதியம் இலட்சக்கணக்கானோருக்கு மருந்து வாங்க முடிந்ததற்கு இந்தியத் தயாரிப்புகளின் விலை முக்கியக் காரணம்.

எம்.டி.ஆர். காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரையின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விண்ணப்பித்தபோது அதை எதிர்த்து மனுச் செய்தவர்களுள் ஒருவர், பழைய ஊசி மருந்தால் செவித்திறனை இழந்த மும்பையின் நந்திதா வெங்கடேசன். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. அதனால் பிற நிறுவனங்களும் அம்மாத்திரையைக் குறைந்த விலையில் தயாரிக்க வழி பிறந்தது. விலை குறைந்தாலும் வாங்குவதற்கும், நோயாளியைத் தேடிக் கண்டறிவதற்கும் பணம் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டோம்பிவிலி வாசகி ஒருவர்: எங்கள் மகளிர் மன்றம் என்ன செய்யலாம்?

பதில்: உணவு கொடுங்கள். ஜார்க்கண்டில் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வொன்றில், காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. காசநோயாளிகளுக்கு உதவ முன்வருவோருக்கான அரசின் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் மன்றமாகவே பதிவு செய்துகொண்டு, உங்கள் பகுதி நோயாளிகள் சிலருக்குப் பருப்பும் எண்ணெயும் நிலக்கடலையும் மாதந்தோறும் அளிக்கலாம். எத்தனை பேருக்குத் தருவது என்பதை முடிவு செய்யுமுன், ஆறு மாதமும் தவறாமல் தர முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.