காட்டுக்குள் மறையும் புள்ளி

கேள்வி: ஐயா, அனுமதிப்பத்திரம் எடுத்து அமெச்சூர் வானொலி செய்கிறேன். ஏபிஆர்எஸ் (இருக்கும் இடத்தை வானொலி வழியே தானாக அறிவிக்கும் முறை) வழியாக என் வான் வண்டி நிற்கும் இடத்தை அனுப்புகிறேன். மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் இணைய வரைபடத்தில் அதன் புள்ளி காணாமல் போகிறது. ஏன்?
- வாசகர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, உங்கள் பொதி, அதாவது கருவி அனுப்பும் சிறு தரவுத் துண்டு, அங்கே எந்த வானொலிக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இடத்தைச் சொல்லும் பொதி போய்ச் சேர்ந்ததா என்று கருவி பார்ப்பதில்லை. நாம் பாவிக்கும் விஎச்எஃப் என்ற வானொலி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. அடர்காடு அதைக் குடித்துவிடும். கையடக்கக் கருவி வானுக்குள் இருந்தால் தகரமும் மறைக்கும். காந்த அடியுள்ள அன்ரனாவைக் கூரைமேல் வையுங்கள். பரந்தனில் என் வீட்டு அன்ரனாவைப் பனை உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் ஏ9 வீதியில் போகும் நண்பரின் புள்ளி ஒழுங்காக வந்தது.

அப்புறம், பத்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பாதீர்கள். விநாடிக்கு 1200 பிட் மட்டுமே போகும் ஒரே அலைவரிசையில்தான் எல்லோரும் நிற்கிறோம்.

இணைய வரைபடத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். பொப் புருனிங்கா ஏபிஆர்எஸ் முறையை உருவாக்கியதே அக்கம்பக்கத்தில் நடப்பதை உடனுக்குடன் அறியத்தான். வெள்ளத்தில் கைபேசிக் கோபுரம் ஓய்ந்தாலும் இரண்டு வானொலிகள் நேரே கேட்டு இடத்தைக் காட்டும். ஒட்டுசுட்டான் பக்கம் உயரமான தண்ணீர்த் தாங்கி இருந்தால், அனுமதி பெற்று கேட்ட பொதியைத் திரும்ப அனுப்பும் ஒரு டிஜிபீட்டர் வைக்கப் பாருங்கள்.