நாலு டிஸ்க் வேண்டுமா, இரண்டு போதுமா?

கேள்வி: எனக்கு வீடு கம்பத்தில், ஏலக்காய்க் கடை குமுளியில். பன்னிரண்டு வருடக் கணக்கு, சரக்கு லாட் விவரம், தோட்டக்காரர்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கிறது. இப்போது சர்வர் வாங்கப் போகிறேன். 2 டெராபைட் டிஸ்க் நான்கு போட்டு ரெய்டு 5 செய்தால் 6 டெராபைட் கிடைக்கும், பேக்கப்பே வேண்டாம் என்கிறார் விற்பவர். இரண்டு டிஸ்க், மிரர் போதும் என்கிறான் அக்கா மகன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அக்கா மகன் பேச்சைக் கேளுங்கள்.

முதலில் உங்கள் கணக்கு ஃபோல்டர் எத்தனை ஜிபி என்று பாருங்கள். பில்லும் பேரேடும் மட்டும்தான் என்றால் 50 ஜிபியைத் தாண்டியிருந்தால் எனக்கு ஆச்சரியம். அதற்கு 6 டெராபைட், அதாவது 6,000 ஜிபி வாங்குவது, ஒரு மூட்டைக் காய்க்கு குடோன் பிடிக்கிற கதை.

ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை. அதில் மிரர், அதாவது ரெய்டு 1, எளிது. ஒரே பதிவு இரண்டு டிஸ்கிலும் ஏறும். ஒன்று செத்தாலும் மற்றதை வைத்துக் கடை ஓடும். ரெய்டு 5 வேறு தந்திரம். மூன்று பேரேடுகளின் கூட்டுத்தொகையை நாலாவதில் குறித்துவைத்தால், ஒரு பேரேடு தொலைந்தாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஏறக்குறைய அதேதான், கூட்டுத்தொகை மட்டும் நாலு டிஸ்கிலும் பிரிந்து கிடக்கும். இடம் மிச்சம்தான். ஆனால் ஒரு சின்ன பில்லைத் திருத்தினாலும் பழைய பதிவையும் பழைய கூட்டுத்தொகையையும் படித்து, இரண்டையும் மாற்றி எழுத வேண்டும்: நாலு வேலை. மிரரில் இரண்டு டிஸ்கிலும் எழுதினால் முடிந்தது. அதைவிட எனக்குப் பயம், ஒரு டிஸ்க் போன பிறகுதான். புதியதை நிரப்ப மிச்ச மூன்றையும் அடி முதல் நுனி வரை படிக்க வேண்டும், மணிக்கணக்கில். ஒரே நாளில் வாங்கி ஒரே அளவு உழைத்த டிஸ்குகள் அவை. அந்த நேரத்தில் இன்னொன்று படுத்தால் எல்லாம் போச்சு.

1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு (RAID) என்று பெயர் வைத்தபோது, அதில் ‘I’ என்ற எழுத்து ‘மலிவான’ டிஸ்குகளைக் குறித்தது. விற்பனைக்கு வந்தபின் அது ‘தனித்தனி’ என்று மாறிப்போனது. ஏன் என்று வியாபாரியான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மிரருக்கு இரண்டு, அதே கொள்ளளவில் கைவசம் ஒன்று. டிஸ்குகளைக் கவனித்துக்கொள்ளும் ரெய்டு கார்டு தனியாக வருகிறதா, அதன் கேஷுக்கு (டிஸ்கில் எழுதும் முன் பதிவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) பேட்டரி பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். அது இல்லாமல் கரண்ட் போனால் கடைசியாகப் போட்ட பில்கள் டிஸ்கில் ஏறாமலே மறைந்துவிடலாம். டிஸ்க் பழுதானால் உங்கள் போனுக்குத் தகவல் வரும்படி செட் செய்து காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஒரு டிஸ்க் செத்தது மாதக்கணக்கில் தெரியாமலே மற்றதில் ஓட்டிய கடையை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் ஒவ்வொன்றின் மாடலும் சீரியல் எண்ணும் வாரண்டிக் காலமும் பில்லில் இருக்கட்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கியவருக்கே விலக்கு. ஆள் வைத்து நடத்தும் மொத்தக் கடைக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் பேசப் போவது அந்தப் பில் காகிதம்தான்.

‘பேக்கப் வேண்டாம்’ என்றாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த ஆளிடம் வாங்கத் தயங்குவேன். தவறுதலாக ஒரு லாட்டை அழித்தால் மிரரில் அதே நொடியில் இரண்டிலும் அழியும். துலாம் மாதத்து (நம் ஐப்பசி) இடி ஒன்று லைனில் இறங்கினால் பெட்டியோடு இரண்டும் கருகும். நாலு டிஸ்க் பணத்தில் மிச்சமாவதில் யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று கடையில் இருக்க, மற்றது உங்கள் பையில் மலை இறங்கிக் கம்பத்துக்குப் போகட்டும். வாரா வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய லாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.